நோக்கு ராம் நகரா அடித்த நாள்

நோக்கு ராமை நான் வாழ்நாள் முழுவதும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவர்தான் என்னை "அண்ணே" என்பார். எங்கள் மலையூரான கர்சாலில் மேல்வீட்டுக்காரனும் கீழ்வீட்டுக்காரனும் பேசிக்கொள்கிற முறை அது. நேரில் கொடுக்காத மரியாதையை எழுத்தில் கொடுக்க ஒரு செலவும் ஆகாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் "அவன்" என்று எழுதக் கை வரவில்லை.

அவர் எங்கள் சாமியின் நகராக்காரர். செம்பு அடியும் தோல் முகமும் கொண்ட அந்த முரசு அவர் வீட்டில்தான் இருக்கும். ஈரம் பட்டால் தோல் தளர்ந்துபோகும் என்று அடுப்புக்கு மேலே உத்தரத்தில் தொங்கவிட்டிருப்பார். கோயிலுக்குள் அவர் வரக்கூடாது. படிக்கு இந்தப் பக்கம் நின்று அடிப்பார். "என் நெழல் பட்டா சாமிக்குத் தீட்டு. நான் அடிக்கலைன்னா அவரால ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. யாருக்கு யாரு வேலைக்காரன்னு நீங்களே சொல்லுங்கண்ணே" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு, அவர் வீட்டுத் தேநீரைத் தொடாமல் வந்துவிடுவேன்.

குள்ளமான ஆள். இடது கட்டைவிரலில் நகம் கிடையாது. ரோடு வேலைக்குப் போன ஒரு குளிர்காலத்தில் அது கறுத்து விழுந்துவிட்டது. நகராவுக்கென்று சாமி நிலத்தில் இரண்டு பாத்தி அவருக்கு விட்டிருந்தார்கள். அதில் ராஜ்மா போடுவார். மற்ற நாட்களில் கூரை வேயப் போவார், ஆப்பிள் பெட்டி தூக்குவார். வாய் மட்டும் சும்மா இருக்காது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்து, "குதிரை நல்லாருக்கு, மேல இருக்கிறதுதான் கொஞ்சம் சரியில்லை" என்று சொல்லிவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல நகராவைத் தட்டிக்கொண்டிருப்பார்.

கோபமும் உண்டு. பத்து வருடங்களுக்கு முன் திருவிழா விருந்தில் அவருடைய மகன் தெரியாமல் எங்கள் பந்தியில் உட்கார்ந்துவிட்டான். எழுப்பி விரட்டினார்கள். பல்லக்குத் தூக்குகிற நேரத்தில் நோக்கு குச்சிகளை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரம் சாமி வெயிலில் நின்றது. கோயில் காரியம் முழுவதும் லோத் ராம் கையில்தான்; நாங்கள் காரியக்காரர் என்போம். அவர் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. ஒரு தட்டுச் சோற்றைக் கொண்டுவந்து பையன் முன்னால் வைத்தார். நிமிர்ந்து நோக்குவைப் பார்த்து, "ஞாபகம் வச்சுக்கிறேன்" என்றார்.

நான் சாப்பே ராம். ஊருக்குத் தண்ணீர் விடுகிறவன். காட்டுக்குள் ஓர் ஊற்று, அதன் அடியில் ஒரு தொட்டி, அங்கிருந்து ஊர்வரை மண்ணுக்கடியில் குழாய். தண்ணீர் வந்தால் என்னை யாருக்கும் ஞாபகம் இருக்காது. நின்றால் என் தாத்தா பெயர்வரை ஞாபகம் வந்துவிடும்.

மகர சங்கராந்தியன்று எங்கள் சாமி மேலே, தேவலோகத்துக்குப் போய்விடும். நாற்பது நாள் ஊரில் இருக்காது. கோயில் தரையை ஈரமண்ணால் மெழுகிக் கதவைப் பூட்டுவார்கள். மணிகளின் நாக்கைத் துணி சுற்றிக் கட்டுவார்கள். டிவி கிடையாது, ரேடியோ கிடையாது, போனில் சத்தத்தை அணைத்துவிட வேண்டும். மாட்டுக் கழுத்து மணியைக்கூடக் கழற்றிவிடுவோம். மண்ணில் இரும்பு படக்கூடாது. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய விலக்கு. நகரா போர்வைக்குள் கிடக்கும். நெருப்பு, வெள்ளம், போகப் பார்க்கிற உயிர், இந்த மூன்றுக்கு மட்டும் அதை எடுக்கலாம். புருஷன் பெண்டாட்டிச் சண்டைகூட அந்த நாட்களில் கிசுகிசுவென்றுதான் நடக்கும். என் மனைவி கௌலா அப்படிச் சண்டை போடுவதில் கெட்டிக்காரி.

நாற்பதாம் நாள் கதவைத் திறந்து மெழுகின தரையில் என்ன கிடக்கிறது என்று பார்ப்பார்கள். பூ என்றால் நல்ல வருடம். முடி என்றால் ஆடுமாடு போகும். கரி என்றால் சாமிக்குக் கோபம், ஊரில் தீ.

நான் சொல்கிற வருடம், சாமி போன பதினாலாம் நாள் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. மேலே போய்ப் பார்த்தேன். தொட்டி நிறைந்து வழிந்தது. உறைந்திருந்தால் நெருப்பு மூட்டி இளக்கிவிடுவேன். இது வேறு கதை. தொட்டிக்குக் கீழே இருபதடி தள்ளி, மண்ணுக்குள் இணைப்பு விட்டுப்போயிருந்தது. தோண்டாமல் முடியாது. காரியக்காரரிடம் சொன்னேன். "இன்னும் இருபத்தாறு நாள் இருக்கு. பனியை உருக்கிக் குடிக்கட்டும்" என்றார். மேல்வீடுகளில் விறகு கூரைவரை அடுக்கியிருந்தது. உருக்கிக் குடித்தார்கள், என்னைக் கிசுகிசுவென்று திட்டினார்கள்.

மூன்றாம் நாள் காலை நோக்கு என் வீட்டுப் பின்பக்கம் வந்து நின்றார்.

"அண்ணே, மருமக பெத்து நாலு நாளாச்சு. அவளுக்குக் காய்ச்சல். துணி அலசணும், புள்ளையத் துடைக்கணும். விறகு தீரப்போகுது. பனிய உருக்கினா ஒரு அண்டா பனிக்கு ஒரு சொம்பு தண்ணி."

"தோண்டணும் நோக்கு."

"தெரியும். தெரிஞ்சுதான் வந்திருக்கேன்."

"தெரிஞ்சா என்னை ஒதுக்கி வச்சிருவாங்க. சித்திரையில பொண்ணு கல்யாணம்."

"நான் சொல்லமாட்டேன். பனி விழுந்து மூடிடும். உங்களப் பத்தி வேற யாரு சொல்லப்போறா?"

வானிலைக்காரர்கள் அன்று விடியும்போதே செம்மஞ்சள் எச்சரிக்கை விட்டிருந்தார்கள். மேற்கிலிருந்து குளிர்காற்று இறங்குகிறது, மலையில் கனத்த பனி, பலத்த காற்று, நாளை இரவிலிருந்து. நாளை இரவுதானே என்று கணக்குப் போட்டேன். பனி வந்து தோண்டின தடத்தை மூடிவிடும் என்பது வசதியாகக்கூடத் தோன்றியது. கடப்பாரையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். கௌலாவிடம் மட்டும் சொன்னேன்.

உறைந்த மண் அது. முதல் குத்து விழுந்தபோது காடு முழுவதும் கேட்டதுபோல் இருந்தது. சாமி ஊரில் இல்லை, இருந்தாலும் மன்னிப்புக் கேட்டேன். இல்லாதவரிடம் மன்னிப்புக் கேட்பது சுலபமாகத்தான் இருந்தது. இணைப்பை மாட்டி, ரப்பர் சுற்றிக் கட்டி, மண்ணைத் தள்ளி மூடினபோது மணி இரண்டு. குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் காதை வைத்துக் கேட்டேன். பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் வானத்தைப் பார்க்க மறந்துவிட்டேன்.

காற்று தாமதிக்கவில்லை. நாளை இரவு வர வேண்டியது அன்று மத்தியானமே வந்துவிட்டது. மேற்கு முகட்டில் ஒரு சாம்பல் சுவர் எழும்பி, நான் கடப்பாரையைச் சாக்கில் சுற்றுவதற்குள் காட்டுக்குள் நுழைந்துவிட்டது. அரை மணி நேரத்தில் என் கை எனக்குத் தெரியவில்லை. பனி மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் வந்து முகத்தில் அறைந்தது. பிறகு போனைப் பார்த்தபோது எச்சரிக்கை மாறிவிட்டது என்று இரண்டு செய்திகளும், கௌலாவின் பதினோரு அழைப்புகளும் கிடந்தன. சட்டைக்குள் சத்தமில்லாமல் கிடந்த போன் என்ன செய்யும்? எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன்.

காட்டைவிட்டு வெளியே வந்தது தெரிந்தது. மரத்தில் மோதுவது நின்றுபோனதால் தெரிந்தது. அதற்குக் கீழே ஆப்பிள் தோட்டங்கள், அதற்குக் கீழே ஊர். ஆனால் எந்தப் பக்கம் கீழே என்பதுதான் தெரியவில்லை. இடுப்பளவு பனியில் சரிவும் சமமும் ஒன்றாகத்தான் இருந்தது. நாற்பது வருடமாக நடக்கிற பாதை. வலதுபக்கம் பள்ளத்தாக்கு ஓடை இருக்கிறது, விழுந்தால் வைகாசியில்தான் எடுப்பார்கள். காற்று என்னைத் தள்ளிக்கொண்டு போனது, நானும் போனேன். ஒரு கட்டத்தில் உட்காரலாம் என்று தோன்றியது. குளிர்கூட அவ்வளவாக இல்லை. குளிர் தெரியாமல் போனால் சாவு பக்கத்தில் என்று எங்கள் மலையில் பிறந்தவனுக்குத் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் நகரா கேட்டது.

முதலில் இதயம் அடிக்கிறது என்று நினைத்தேன். காற்று அதைப் பிய்த்துப் பிய்த்துக் கொண்டுவந்தது. இரண்டு அடி கேட்கும், மூன்று அடி காணாமல் போகும். ஊருக்கு வந்த பல்லக்கைக் கோயிலுக்கு அழைக்கிற மெதுவான அடி அது. அது எனக்கு முன்னால் கேட்கவில்லை, முதுகுக்குப் பின்னால், இடதுபக்கம் கேட்டது. அப்படியென்றால் நான் நேராக ஓடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். எழுந்தேன். சத்தத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். விழுந்தேன், காது கொடுத்தேன், நடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அடி ஒருமுறைகூட நிற்கவில்லை.

நோக்கு தன் வீட்டுக் கூரைமேல், புகைபோக்கியோடு தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். மீசையெல்லாம் பனிக்கட்டி. கௌலா கீழே நின்றிருந்தாள். அவள்தான் ஓடிவந்து சொல்லியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் குச்சியைப் போட்டுவிட்டு இறங்கினார். என் கையிலிருந்த சாக்கைத்தான் முதலில் வாங்கினார்.

"கடப்பாரை இங்க வைக்கோல்ல கிடக்கட்டும். நீங்க வெறுங்கையா வீட்டுக்குப் போங்க. அண்ணி, கூட்டிட்டுப் போங்க."

"நோக்கு, ஊரே கேட்டிருக்கும்."

"கேக்கணும்னுதானே அடிச்சேன்" என்றார். வீட்டுக்குப் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். அவர் வீட்டு வாசலில் குழாய் சொட்டத் தொடங்கியிருந்தது.

காற்று இரண்டு நாள் அடித்தது. பலகைக் கற்கள் கூரையிலிருந்து தட்டுகள்போலப் பறந்தன. கோயில் கொடிமரம் முறிந்தது. மூன்றாம் நாள் வெளியே வந்தவர்கள் எல்லோரும் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள், எல்லோரும் நகராவைப் பற்றிக் கிசுகிசுத்தார்கள். தண்ணீர் எப்படி வந்தது என்று ஒருத்தர்கூட என்னைக் கேட்கவில்லை. காரியக்காரர், "சாமி திரும்பட்டும், அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டார்.

சாமி திரும்பிய நாளில் கதவைத் திறந்தார்கள். மெழுகின தரையின் நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கரித்துண்டு கிடந்தது.

முந்தின இரவே கௌலா என்னிடம் பேசியிருந்தாள். கிசுகிசுக்காமல் பேசினாள். "கரியோ பூவோ, எதுனாலும் இருக்கட்டும். நகராவை அந்தாளுகிட்டேருந்து புடுங்கப் பாப்பாங்க. நகரா போனா அந்த ரெண்டு பாத்தியும் போச்சு. ஒரு வார்த்தை சொன்னா போதும். உயிருக்குத்தான் அடிச்சான், அந்த உயிர் நான்தான்னு சொல்லிடு."

"சொல்றேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

கோயில் முற்றத்தில் ஆண்கள் எல்லோரும் உட்கார்ந்தோம். நோக்கு படிக்கு அப்பால் நின்றார். லோத் ராம் குரலை உயர்த்தவே இல்லை.

"எதுக்கு அடிச்சே?"

"உயிருக்கு."

"யாரு உயிரு?"

நோக்கு என்னைப் பார்க்கவே இல்லை. அதை நான் சத்தியம் செய்து சொல்லுவேன். அவர் பார்த்திருந்தால் ஒருவேளை நான் எழுந்திருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"அன்னிக்கு வெளிய மாட்டிக்கிட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா? எந்திரிச்சுச் சொல்லுங்க."

என் காலணியில் ஒரு தையல் விட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தால் அடுத்த கேள்வி, அந்தக் காற்றில் மேலே உனக்கென்ன வேலை? அதற்கடுத்தது கடப்பாரை. அதற்கடுத்தது, கரி உன்னால்தான் விழுந்தது. பெண்ணைக் கட்டப்போகிறவர்களும் இதே சாமிக்காரர்கள். இவ்வளவும் ஒரு நொடியில் ஓடி முடிந்தது. பனியில் உட்கார்ந்தபோதுகூட என் புத்தி அவ்வளவு வேகமாக ஓடவில்லை.

லோத் ராம் என் பக்கம் திரும்பினார். "சாப்பே, தண்ணி அன்னிக்கு சாயங்காலந்தானே வந்துச்சு?"

"ஆமா."

"எப்படி?"

"தானா எளகியிருக்கும்."

பின்னாலிருந்து யாரோ, "அந்தக் குளிர்ல எளகுச்சாம்" என்று சிரித்தார்கள். லோத் ராம் சிரிக்கவில்லை. என்னை நெடுநேரம் பார்த்தார். அவருக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். என்னைக் குற்றவாளி ஆக்கினால் குடித்தவர்களுக்கும் பங்கு வரும். நோக்குவை ஆக்கினால் யாருக்கும் ஒன்றும் இல்லை.

"சரி. தானா எளகியிருக்கு" என்று அவர் நோக்கு பக்கம் திரும்பினார். "கடைசியாக் கேக்கறேன். யாரு உயிரு?"

"காத்து ரொம்ப அடிச்சுது. பயந்துட்டேன். புத்தி கெட்டு அடிச்சுட்டேன்" என்றார் நோக்கு.

ஓர் ஆட்டுக்கடா அபராதம். நகராவை அன்று மாலையே எடுத்துப் பக்கத்து ஊரிலிருக்கும் அவர் பெரியப்பா மகனிடம் கொடுத்துவிட்டார்கள். பாத்தியும் அதோடு போய்விட்டது. நகராவைத் தூக்கிக்கொண்டு போனவனிடம் நோக்கு, "தோலை ஈரமாக்கிடாதே" என்று மட்டும் சொன்னாராம். கௌலா அன்று எனக்குச் சோறு போட்டாள். சண்டை போடவில்லை. இன்றுவரை அதைப் பற்றிப் போடவில்லை. அதற்குப் பதில் அவள் சண்டையே போட்டிருக்கலாம்.

மகளுக்குச் சித்திரையில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. எல்லோரும் வந்தார்கள். புது நகராக்காரன் வந்து வாசித்தான். நோக்கு கீழ்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போனார். கல்யாணம் முடிந்துவிட்டது, இனி எனக்குப் பயமில்லை. இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். ரோடு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். உள்ளே பேரக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. நான் கொண்டுபோன இனிப்பை மருமகள் வாங்கி வைத்தாள்.

"நோக்கு, நான் போய் லோத் ராம்கிட்ட சொல்லிடறேன். நான்தான் மேல இருந்தேன்னு, நான்தான் தோண்டினேன்னு. நகரா திரும்ப வந்துடும்."

அவர் காலணிக் கயிற்றைக் கட்டி முடித்தார். "இப்பவா?"

"இப்பவாவது."

"சொல்லி என்ன ஆகப்போகுது? நான் பொய் சொன்னதாயிடும், நீங்களும் பொய் சொன்னதாயிடும். இன்னொரு கடா. நம்ம ரெண்டு பேருல ஒருத்தராவது நிம்மதியா இருக்கட்டும், விடுங்க."

"எனக்கு நிம்மதி இல்லை."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்றார். அதில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். வாசலைத் தாண்டியதும் நின்று திரும்பினார். அன்று என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"சாப்பே, அன்னிக்கு நீ செத்திருந்தா நான் யாருக்கு அடிச்சேன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கும். நீ வந்து சேந்துட்டே, அதான் தெரியாமப் போச்சு."

சொல்லிவிட்டு ரோட்டை நோக்கி இறங்கிப் போனார். மருமகள் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன், தொண்டை சுட்டது. முதல்தடவையாக அந்த வீட்டில் குடித்தேன் என்பதைப் பார்க்க அவர் அங்கே இல்லை.